நிழல் ஒட்டாத படம்

வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தால் சாம்பல் நிறமாகத்தான் வரும். அது கேமராவின் கோளாறு இல்லை, ஐயா. வெளிச்சம் அதிகமாக இருந்தால் அதுவாகவே கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். பரவாயில்லை, நன்றாகத் திற என்று நாம்தான் ஒரு படி கூட்டி வைக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு குளிர்காலம் முழுக்க நான் சாம்பல் சுவர்களாகவே எடுத்துத் தள்ளினேன்.

மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் படத்தில் சுவர் வெள்ளையாக இருக்கிறது, பாருங்கள். பெயிண்ட் அடித்த ரோலரின் தடம்கூடத் தெரிகிறது. அதற்காகத்தான் இதை முதலில் சொன்னேன். தண்ணீருக்கு நன்றி. மொழிபெயர்ப்பவர் எழுதிக்கொள்ள வசதியாக நான் நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன்.

என் பெயர் உமாபதி. புதுக்கோட்டைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர்கள். நான் நிமிர்ந்து நடந்த காலத்தைவிடக் கூடையைத் தூக்கிக்கொண்டு குனிந்து நடந்த காலம்தான் அதிகம். இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. குனிந்து நடக்கிறவனுக்குத் தரையில் விழும் நிழல்தான் கண்ணில் படும். முன்னால் போகிறவன் முகத்தை நான் பார்த்ததில்லை. அவன் நிழலைப் பார்த்துத்தான் அடுத்த அடி வைப்பேன்.

துபாய்க்கு வந்ததும் அல் கூஸில் சாரம் கட்டும் வேலை. முதலில் குழாய் சுமந்தேன். பிறகு கட்டினேன். பிறகு பரீட்சை எழுதி, கட்டிய சாரத்தைச் சோதித்துப் பார்க்கிற ஆளானேன். சாரத்தின் ஏணி அடியில் ஒரு டேக் தொங்கும். பச்சை என்றால் ஏறலாம், சிவப்பு என்றால் ஏறக்கூடாது. அதில் கையெழுத்துப் போடுகிறவன் நான். எங்கள் சைட்டில் தமிழன், பீகாரி, பட்டான், நேபாளி எல்லோரும் உண்டு. எழுத்து தெரியாதவனுக்கும் நிறம் தெரியும். பச்சையைப் பார்த்துவிட்டு ஏறியவன் அப்புறம் கால் வைக்கிற பலகையைப் பார்க்க மாட்டான். வீட்டுக்குள் நடக்கிற மாதிரி நடப்பான். அந்த நம்பிக்கையை வாங்க எனக்குப் பல வருஷம் ஆனது. என் டேக் தொங்கிய சாரத்தில் அதுவரை ஒருத்தனுக்கு நகம்கூடப் பெயர்ந்ததில்லை. வேண்டுமானால் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள்.

சேஃப்டி ஆபீசில்தான் முதல் கேமராவைக் கையில் கொடுத்தார்கள். குழாய்களைப் பூட்டுகிற கிளாம்ப் உடைந்தது, குழாய் வளைந்தது, இவற்றைப் படம் எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்ட வேண்டும். எடுக்க எடுக்க ருசி பிடித்துவிட்டது. தேராப் பகுதியில் முகம்மது சித்தீக் என்பவர் கேமரா கடை வைத்திருக்கிறார். காயல்பட்டினத்துக்காரர். அவரிடம் பழைய கேமரா ஒன்றும் நீள லென்ஸ் ஒன்றும் தவணையில் வாங்கினேன். வெள்ளிக்கிழமை லீவில் நாங்கள் தங்குகிற கேம்புக்குப் பின்னால் இருக்கிற மண் திடலில் பையன்கள் கபடி ஆடுவார்கள், வாலிபால் ஆடுவார்கள், ஓட்டப் பந்தயம் வைப்பார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு நான் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

ஓடுகிறவனை எடுப்பது உடைந்த கிளாம்பை எடுப்பது போல இல்லை. முதலில் எனக்கு வந்ததெல்லாம் புகை. சட்டை இருக்கும், ஆள் இருக்க மாட்டான். ஷட்டர் வேகத்தைக் கூட்டினேன். ஆள் வந்தான், ஆனால் நட்டு வைத்த கம்பம் போல நின்றான். பிறகு ஓடுகிறவனோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பப் பழகினேன். முகம் தெளிவாக நின்று, பின்னால் திடல் மட்டும் கோடு கோடாக ஓடியது. கடைசியாகத்தான் பெரிய பாடம் புரிந்தது. ஆள் இருக்கிற இடத்தைப் பார்த்து அமுக்கினால் அமுக்கும்போது அவன் அங்கே இருக்க மாட்டான். அவன் வரப்போகிற இடத்தில் ஃபோகஸை முன்கூட்டியே கட்டி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கள் வேலையில் கீழிருந்து ஒருவன் கிளாம்பை எறிவான், மேலே இருப்பவன் பிடிப்பான். எறிகிறவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிடிக்க முடியாது. கிளாம்ப் எங்கே வந்து ஒரு நொடி நிற்குமோ அங்கே கையை வைத்திருக்க வேண்டும். எனக்கு இது சீக்கிரம் பிடிபட்டதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஜெபசீலன் தூத்துக்குடிக் கடற்கரைப் பையன். எங்கள் சைட்டில் பெயிண்டர். ஊரில் பள்ளிக்கூடத்துக்காக மாவட்ட அளவில் நானூறு மீட்டர் ஓடியவன். செருப்பில்லாமல் மணலில் ஓடி வளர்ந்த கால். அவன் ஓடும்போது குதிகால் தரையைத் தொடுமா என்பது எனக்குக் கடைசிவரை சந்தேகம்தான். திடலில் அவனோடு ஓட ஆள் கிடையாது. ஓடி முடித்து நேராக என்னிடம் வந்து கேமராவின் பின்பக்கத் திரையை எட்டிப் பார்ப்பான்.

"எங்க, காட்டுங்க அண்ணாச்சி. ஏ, இது நானா? பேய் அடிச்ச மாதிரில்லா இருக்கேன்!"

"நீ நின்னா நல்லா வரும்டா."

"நின்னு எடுக்கதுக்கு பாஸ்போர்ட் போட்டோ போதுமே அண்ணாச்சி."

அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பொறாமையா என்று போன தடவை கேட்டீர்கள். என் முழங்கால் இரண்டும் சுமையில் தேய்ந்தவை. ஏணி இறங்கும்போது கடகடவென்று சத்தம் வரும். அதற்காக இன்னொருவன் காலைப் பார்த்துப் பொறாமைப்பட முடியுமா? அந்தக் கால்களை நான் பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

எங்கள் சைட் ஒரு பெரிய கிடங்கு. மேற்குப் பக்கச் சுவர் முழுக்க வெள்ளை. சாயங்காலம் டியூட்டி முடிகிற நேரத்தில் சூரியன் தாழ இறங்கி நேரே அந்தச் சுவரில் அடிக்கும். சாரத்தின் மேல்தளத்தில் வடக்குக் கோடியில் ஜெபா பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பான். அங்கேயும் ஏற ஒரு ஏணி உண்டு, ஆனால் பஸ் நிற்பது தெற்குக் கோடி ஏணியின் அடியில். ஹாரன் அடித்ததும் அவ்வளவு தூரத்தையும் பலகைமேல் ஓடியே கடப்பான். முதல் பஸ்ஸைப் பிடித்துக் கேம்புக்குப் போகிறவனுக்குத்தான் குளிக்கத் தண்ணீர் நிச்சயம். பிந்திப் போனால் குழாயில் காற்றுதான் வரும்.

சாரம் கட்டும் சேதுபதி, பரமக்குடிப் பக்கத்துக்காரன், கீழே நின்றுகொண்டு கத்துவான். "ஏண்டா டேய், பக்கெட்டு என்ன பறந்தா போகுது?"

"தல நெறய சோப்ப போட்டுட்டு தண்ணிக்கு நின்னுருக்கீங்களா மாமா? நான் நின்னுருக்கேன்" என்று மேலேயிருந்து ஓடிக்கொண்டே பதில் வரும்.

சாரத்தில் ஓடக்கூடாது. நான் தடுத்திருக்க வேண்டும். முதல் நாள் தடுக்கத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். அவனைவிடப் பெரிதாக, அவனைவிட ஒரு எட்டு முன்னால், அவன் நிழல் ஓடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் கேமராவை எடுத்துப் போனேன். சேஃப்டி ஆளின் கையில் கேமரா இருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

நிறைய எடுத்தேன். நல்லவையும் வந்தன. தேர்ந்தெடுத்துச் சித்தீக் பாயிடம் கொண்டுபோனேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஆள் ஓடுறான், சரி. ஆனா இந்த நிழலப் பாரும். காலப் புடிச்சிக்கிட்டு விடமாட்டேங்குதே. கால விட்டா பலக, பலகைய விட்டா குழாய். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுல்ல கெடக்கு!"

"நிழல்னா ஒட்டித்தான பாய் இருக்கும்?"

"ஒட்டாம ஒண்ணு கொண்டாரும். ஆளும் தனி, நிழலும் தனி. நானே பெருசு போட்டு கட முன்னாடி கண்ணாடில மாட்டுறேன், ஓய்."

அவர் வேடிக்கையாகச் சொன்னார். அவரை இந்த வழக்கில் இழுக்க வேண்டாம். ஆனால் எனக்கு அது உள்ளே தங்கிவிட்டது. ஓடுகிறவனின் இரண்டு காலும் ஒரு கணம் தரையில் இருக்காது, கவனித்திருக்கிறீர்களா? அந்தக் கணத்தில் நிழல் அவனைவிட்டுக் கொஞ்சம் விலகும். விரல்கடை இருக்கும். அந்த விரல்கடையை ஒரு ஆள் உயரமாக்க வேண்டும். வெறும் வெள்ளைச் சுவர். அதன் நடுவில் எதையும் தொடாத ஆள், எதையும் தொடாத நிழல். கண்ணை மூடினால் அந்தப் படம் தெரிந்தது. வேறு எந்தப் படமும் என்னை அந்த அளவுக்குப் பிடித்து ஆட்டியது இல்லை. சாப்பிடும்போது தட்டில் தெரியும்.

அதற்குள் ஜெபாவுக்குக் கத்தாரில் வேலை கிடைத்துவிட்டது. ராஸ் லஃபானில் பெரிய பிளான்ட், நல்ல ரூம். டிக்கெட்கூட வந்துவிட்டது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"அங்க போயி எவன் அண்ணாச்சி என்னயப் படம் எடுப்பான்? போறதுக்குள்ள நான் ஓடுற மாதிரி ஒண்ணு நல்லா எடுத்துருங்க. எங்க அக்காட்ட குடுத்தா போதும், அவ ஊருக்கு அனுப்பிருவா. பொண்ணு வீட்டுல பாக்கட்டும்."

"எடுக்குறேன்டா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் அக்கா சுகிர்தராணி இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தம்பிக்கு விசா எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

சுவரின் நடுவில் லாரி நுழைகிற பெரிய வாசல் ஒன்று உண்டு. லாரி போக வர வேண்டும் என்பதால் அந்த இடத்தில் சாரத்துக்குக் கீழே ஒரு குழாயும் கிடையாது. மேலே பலகைகள் மட்டும் பாலம் போலப் போகும். சாயங்காலம் வாசலின் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். அதுவும் வெள்ளை. சைட் முழுக்க அந்த ஒரு இடத்தில்தான் சுவர் வெறுமையாக இருந்தது.

அவனுடைய கடைசி டியூட்டி நாள். டீ பிரேக்கில் எல்லோரும் நிழலுக்குப் போனதும் நான் மேலே ஏறிப் பாலத்தின் பலகைகளைச் சோதித்தேன். ஒன்றில் விரிசல் இருந்தது. விரிசல் பலகையை எடுப்பது என் வேலை. அதனால் எடுத்தேன். பக்கத்தில் இருந்தவற்றிலும் விரிசல் இருக்கலாம் என்று தோன்றியது. அவற்றையும் எடுத்துத் தள்ளி அடுக்கினேன். பலகையை எடுத்தால் ஏணி அடியில் பச்சையைக் கழற்றிச் சிவப்பைத் தொங்கவிட வேண்டும். கம்பெனி விசாரணையில், பலகை போனதே எனக்குத் தெரியாது என்றேன். அது பொய். சிவப்பு டேக் என் சட்டைப் பையில் இருந்தது. வடக்கு ஏணியில் இறங்கி வரும்போது பச்சையைக் கையில் பிடித்துக்கூடப் பார்த்தேன். காற்றில் திரும்பிக்கொண்டிருந்தது. முகப்புத் தெரிகிற மாதிரி நேராக்கிவிட்டு வந்தேன்.

நான் நினைத்தது இதுதான். அவன் ஓட்டக்காரன். இடைவெளியைக் கண்டால் நிற்க மாட்டான், தாண்டுவான். அவன் காலுக்கு அது பெரிய தூரமே இல்லை. தாண்டும்போது கீழே பலகை இருக்காது. நிழலுக்கும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அவன் குதித்திருப்பான், ஐயா. அதை நினைத்துத்தான் செய்தேன்.

விரிப்பு. ஆமாம், அதையும் சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் சொட்டாமல் இருக்கப் பலகைமேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போடுவது பெயிண்டர்களின் வழக்கம். அன்றும் போட்டிருந்தார்கள். பலகையை எடுத்த பிறகு அந்த இடத்தில் விரிப்பை மறுபடி இழுத்துவிட்டது நான்தான். பலகை இல்லாத சந்து வழியாகத் தரையின் வெளிச்சம் மேலே அடித்துப் படத்தைக் கெடுத்துவிடும். அதற்காகத்தான். ஓரங்களில் பெயிண்ட் டப்பா வைத்து இறுக்கினேன். காற்றில் படபடத்தால் அவன் பார்வை அங்கே போய்விடும்.

கீழே வந்து சாலை ஓரத்தில் கேமரா முக்காலியைப் போட்டேன். ஜெபாவை அழைத்துச் சொல்லி அனுப்பினேன்.

"இன்னிக்கித்தான் கடைசி. முழு வேகத்துல வரணும், தெரியுதா?"

"உசுரக் குடுத்து ஓடுறேன் அண்ணாச்சி."

"கீழ பாக்காத. கீழ பாத்தா மொகத்துல இருட்டு விழுந்துரும். ஏணியப் பாத்து வா."

"ஹெல்மெட்டு?"

"கழட்டிரு. நெத்தியில நெழல் விழும்."

ஹெல்மெட்டை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான். தலையைக் கையால் கோதிக்கொண்டான். பொண்ணு வீட்டில் பார்க்கப்போகிற படம் அல்லவா.

ஹாரன் அடித்தது. அவன் ஓடி வந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. வரப்போகிற இடத்தில் கண்ணை வைத்திருந்தேன். பிளாஸ்டிக் மடங்குகிற சத்தம் கேட்டது. அது நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னச் சத்தம். விரலை எடுக்காமல் அமுக்கினேன். கேமரா வரிசையாகச் சில படங்கள் எடுத்து நின்றது. அதில் ஒன்றுதான் மேசையில் இருப்பது.

பிறகு நான் செய்ததை உள்ளபடியே சொல்கிறேன். முதலில் திரையைப் பார்த்தேன். சுவர் வெள்ளையாக வந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அவனிடம் போனேன். மற்றவர்கள் இன்னும் ஓடி வந்து சேரவில்லை. கண் திறந்திருந்தது. காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"படம் வந்துச்சா அண்ணாச்சி?"

"வந்துருச்சுடா" என்றேன். பொய் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் ஏறும்வரை உயிர் இருந்தது என்றார்கள். நான் கூடப் போகவில்லை. முக்காலியை அங்கேயே விட்டுவிட்டுப் போக முடியாது.

சேதுபதியை நீங்கள் பிடித்து வைத்திருப்பது தப்பு. அதற்கு முந்தின வாரத்தில் அந்தப் பாலத்தில் அவன் பலகையைத் தூக்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அன்றைக்கு எடுத்தது நான். அவனுக்கு ஊரில் இரண்டு பிள்ளைகள். அவனை விட்டுவிடுங்கள் என்று நானாகக் கேட்டுக்கொள்கிறேன். இதை என் பக்கத்தில் ஒரு நல்லதாக எழுதிக்கொள்ள முடியுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

படத்தைப் பெரிதாகப் போடச் சித்தீக் பாயிடம் போனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாரு இது?" என்றார். சொன்னேன். ஒரே ஒரு காப்பி போட்டுக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். "இத யாருக்கும் காட்டாதீரும் ஓய். இனிமே இந்தக் கடைக்கும் வராதீரும்" என்றார். கடைக் கண்ணாடியில் மாட்டுகிறேன் என்று சொன்ன மனுஷன்.

ஆனால் நான் சத்தியம் பண்ணியிருந்தேன். சவப்பெட்டியை விமானத்தில் ஏற்றுகிற அன்று சுகிர்தராணியிடம் படத்தைக் கொடுத்தேன். அவள் உறையைப் பிரித்துப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

"பறக்குற மாதிரி இருக்கான்" என்றாள்.

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். உடம்பைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஒரு கை விரிந்து, முடி மேலே எழும்பி, முகம் அமைதியாக. நிழலைப் பார்க்க யாருக்கும் தோன்றாது. நீங்கள் பாருங்கள். அவன் இடது கை நமக்குத் தெரியாமல் உடம்புக்குப் பின்னால் போயிருக்கிறது. நிழலில் அது தெரிகிறது. மேலே நீண்டிருக்கிறது. ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கிறது. இல்லாத பலகையைப் பிடிக்கிறது. எடுத்தபோது நான் அதைக் கவனிக்கவில்லை. பிறகு அதை மட்டும்தான் பார்க்கிறேன்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. குவாரியில் செத்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சோறு தின்றிருக்கிறோம். இருந்தாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை திடலுக்குப் போய் வாலிபால் எடுத்தேன். எல்லோருடைய நிழலும் அவரவர் காலில் ஒட்டியிருந்தது. படத்தின் ஓரத்தில் மட்டும் கூடுதலாக ஒரு நிழல், ஆள் இல்லாமல். படத்தின் எல்லைக்கு வெளியே யாராவது நின்றிருப்பான், அவன் நிழல் உள்ளே விழுந்திருக்கும். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் இடம் மாறி எடுத்தேன். திசை மாற்றி எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் அவன் வெளியேதான் நிற்கிறான். கேமராவைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வெறும் மணல். அப்புறம் நான் கேமராவைத் தொடவில்லை. இங்கே நீங்கள் அடைத்து வைத்திருக்கும் அறையிலும் சுவர் வெள்ளை. சாயங்காலம் மேல் ஜன்னல் வழியாக வெயில் வரும்போது நான் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறேன். முதுகில் சூடு தெரிகிறது. வேறு தொந்தரவு இல்லை.

சுகிர்தராணி மறுபடி கேம்பு வாசலுக்கு வந்தாள். டியூட்டி உடுப்போடு வந்திருந்தாள். படம் கைப்பையில் இருந்தது.

"ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. ஒரு ஆளு விழுறதப் பாத்தா யாரும் பதறித்தான போவாங்க? கை நடுங்கும்லா? இது ஒரு ஆட்டம் இல்லாம இருக்கே. நீங்க எப்படி ரெடியா இருந்தீங்க?"

கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும். சொன்னேன். வெள்ளைச் சுவருக்கு ஒரு படி கூட்டி வைப்பதிலிருந்து தொடங்கினேன். ஆள் வரப்போகிற இடத்தில் ஃபோகஸைக் கட்டி வைப்பதைச் சொன்னேன். முக்காலியின் கழுத்தை இறுக்கிவிட வேண்டும், பிறகு தொடக்கூடாது என்றேன். கிளாம்ப் பிடிக்கிற கதையையும் சொன்னேன். இவ்வளவு பொறுமையாக என் பேச்சை யாரும் கேட்டதில்லை. நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. முடித்ததும், "சரி அண்ணாச்சி" என்றாள். படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். சாலையைக் கடந்து டாக்ஸியில் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

இப்போது நீங்கள் எடுத்து வைக்கிற படங்கள் என் கேமராவில் இருந்தவைதான். அழித்திருக்கலாம் என்று நினைப்பீர்கள். அழிக்க மனசு வரவில்லை. எவ்வளவு தூரம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன் என்பதற்கு அவைதானே சாட்சி. இவை மணல் மூட்டைகள். பாலத்தில் பலகையை எடுத்துவிட்டு மூட்டைகளைக் கீழே தள்ளும்படி சேதுபதியிடம் சொன்னேன். முந்தின வாரம் அவன் பலகை தூக்கியது இதற்காகத்தான். "எதுக்குண்ணே இது?" என்று கேட்டான். லோடு டெஸ்ட் என்றேன். சேஃப்டி ஆள் சொன்னால் மேல் கேள்வி கிடையாது. தள்ளினான். சாயங்கால வெயிலில்தான் தள்ளச் சொன்னேன், நிழலுக்காக. முடிந்ததும் பலகையைப் பழையபடி போட்டுவிட்டான்.

முதல் மூட்டை வெறும் கோடாக வந்திருக்கிறது, பாருங்கள். அடுத்தது படச் சட்டத்தைவிட்டே தப்பிவிட்டது. இதில் மூட்டை இருக்கிறது, நிழல் இல்லை. இதோ, இதில் இரண்டும் வந்துவிட்டன. கடைசி மூட்டையைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடியுங்கள். தையல் நூல்கூடத் தெரியும். அதற்குப் பிறகு நான் கேமராவின் உயரத்தையோ ஃபோகஸையோ மாற்றவில்லை. முக்காலிக்குக் கால் வைத்த இடத்தில் சுண்ணாம்பால் குறி போட்டுக்கொண்டேன். அன்றைக்கு அதே குறியில் வைத்தேன்.

அவன் குதிப்பான் என்றுதான் நினைத்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

என்ன கேட்கிறீர்கள் என்பது புரிகிறது. மொழிபெயர்க்க வேண்டியதில்லை. தாண்டுகிற ஆளை எடுக்க வேண்டுமென்றால் கேமராவைப் பலகைக்கு மேலே பார்க்க வைத்திருக்க வேண்டும். இந்தப் படத்தில் பலகையே இல்லை. மூட்டைப் படங்களிலும் இல்லை. எல்லாம் பலகைக்குக் கீழே.

ஆமாம். நான் எடுத்துப் பழகிய எந்த மூட்டையும் குதிக்கவில்லை, ஐயா.